இருபத்தேழு வளைவுக்கு ஒரு ஜோடி டயர்

கஸ்தூரிசாமியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் வந்து கீற்றுகளைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவருடைய பாசிப் பச்சைக் கார் கதவில்லாத ஷெட்டிலிருந்து தானாகவே பின்னுக்கு வந்து, வாசலில் ஒரு நிமிஷம் நின்று எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு, முப்பத்தொரு வருஷமாக அவர் எப்படிப் போவாரோ அப்படியே தூமலையிலிருந்து அடிவாரத்துக்குக் கிளம்பிப் போனது. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. சீட் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அழுங்கியிருந்தது. இருபத்தாறாம் வளைவில் குழி அடைத்துக்கொண்டிருந்த நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி வணக்கம் வைத்தேன். ஹாரன் ஒரு தடவை மெதுவாக அடித்தது. அதுவும் அவருடைய வழக்கம்தான்.

என் பெயர் குழந்தைவேலு. நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளன். தூமலைப் பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மழைக்கு விழுந்த கல்லை அள்ளிப் போடுவது எல்லாம் நான்தான். இந்த விஷயத்தில் முதலில் வாயைத் திறந்து கெடுத்தவனும் நான்தான் என்பதால், நானே சொல்லிவிடுவது நல்லது.

முதல் நாள் ஊர் பயந்தது. இரண்டாம் நாள் பயந்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் ஆறரை மணி பஸ்ஸின் டிரைவர், மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்ற முறைகூடத் தெரியாமல் இந்தக் கார் குறுக்கே வருகிறது என்று டீக்கடையில் குறைப்பட்டுக்கொண்டார். உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தானே வருவார் என்று நாங்கள் சமாதானம் சொன்னோம். காரியத்தில் ஏதாவது குறை வைத்துவிட்டீர்களா என்று ஐயரைக் கேட்டதற்கு, நான் சொன்ன மந்திரம் மனுஷனுக்கு, வண்டிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லையே என்றார். அடிவாரத்து ரயில்வே கேட்டில் ஒரு எஸ்.ஐ. காரை ஓரங்கட்டி, ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கால் மணி நேரம் யோசித்துப் பார்த்து, காலி சீட்டின் மேல் பெல்ட் ஒழுங்காகப் போட்டிருந்ததால் போகச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில், மணி என்ன என்று யாராவது கேட்டால், தவளைக் கார் இறங்கிவிட்டது, ஏறிவிட்டது என்று சொல்லுகிற அளவுக்கு அது ஊரோடு சேர்ந்துவிட்டது.

தவளைக் கார் என்பது நாங்கள் வைத்த பெயர். முன் விளக்குகள் இரண்டும் தவளைக் கண்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். தேயிலைத் தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி. அதில் எல்லாமே தலைகீழாக இருக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் டிக்கி, டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சின். அந்த எஞ்சினும் பின் சக்கரங்களைத் தாண்டிக் கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தத் தலைகீழ் ஊருக்கு வசதியாகத்தான் போயிற்று. கிராம நர்ஸ் தவமணி ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, தடுப்பூசிப் பெட்டியோடு ரோட்டில் நின்றபோது கார் தானாக வந்து நின்றது. எஞ்சின் சூடு எட்டாத முன் டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டு, பின்னால் இருக்கிற குறுகின சீட்டில் காலை மடக்கி ஏறி உட்கார்ந்தாள். ஊசி மருந்து ஐஸ் உருகாமல் கீழே போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் தினமும் அதில்தான் போனாள். பதினோராம் வளைவுக்குப் பக்கத்தில் கீழ்ப்பதி என்று பத்துப் பதினைந்து குடிசைகள் உண்டு, அங்கே பிரசவ வலி எடுத்த இரண்டு பெண்களை அதே காரில்தான் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தாள். தபால் பையும் அதில் போயிற்று. கோயிலுக்குப் பூவும் அதில் வந்தது. செத்த மனுஷனை இவ்வளவு வேலை வாங்குகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் கூச்சமாக இல்லை.

அவருடைய மனைவி ஹேமலதா பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பதினோராம் நாள் காலை கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் போகாமல் கார் போனதில்லை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாதான் ஓட்டுகிற மாதிரித் தெரியும். 

அந்த அம்மா ஏன் தினமும் போனார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, பின்னால் அவரே சொன்னது. கஸ்தூரிசாமி வீட்டில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுகிறவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறவரும் இல்லை. ஆனால் பதினான்காம் வளைவுக்கும் பதினைந்தாம் வளைவுக்கும் நடுவில் சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடாகக் கால் மைலுக்கு நேர் ரோடு ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மனைவியைக் கீழ்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்த இடம் வந்ததும் மூன்றாவது கியரைப் போட்டுவிட்டு, வலது கையைக் கியரிலிருந்து எடுத்து அந்த அம்மாவின் முழங்கால் மேல் வைப்பார். வளைவு வந்ததும் எடுத்துவிடுவார். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் பிரியம் என்று காட்டியது அந்தக் கால் மைலில்தான். இப்போதும் அந்த இடம் வந்ததும் கியர் மாறும், கையின் எடை வந்து உட்காரும், வளைவு வந்ததும் எழுந்து போய்விடும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அதற்காகத்தான் அந்த அம்மா தினமும் நாற்பத்து நாலு கிலோமீட்டர் போய் வந்தார், அது நின்றுவிடுமோ என்ற ஒரே பயத்தோடு போய் வந்தார்.

ஈர ரோட்டில் டயர்த் தடம் பார்ப்பது என் பழக்கம். எந்த வண்டி எப்படித் திரும்பியது, எது பிரேக்கை அழுத்தியது என்று தடத்தில் தெரிந்துவிடும். ஆடி மாதம் ஒரு சாரல் நாளில் தவளைக் காரின் பின் சக்கரத் தடம் வழவழவென்று, டயரின் மேடுபள்ளமான பட்டன் பதியாமல் கிடந்தது. அன்றைக்கே ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன்.

"அம்மா, பின் டயர் ரெண்டும் மொட்டையாயிருச்சுங்க. இன்னும் பத்து நாள் ஓடுச்சுன்னா உள்ள நூல் தெரிஞ்சுரும்."

"முன்னால?"

"முன்னால முக்கால்வாசிப் பட்டன் இருக்குதுங்க. பாரமெல்லாம் பின்னாலதானுங்களே. இந்த வண்டி பின் டயரைத் தின்னுக்கிட்டேதான் இருக்கும்."

"இந்த டயரு அவரு போறதுக்கு முந்தின வாரம் அவரே மாட்டுனது வேலு," என்றார் ஹேமாம்மா. "மாத்துனா வருவாரா?"

 மாற்றாமல் விட்டால் கார் எப்படியும் நிற்கப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டயர்க்கடை வைத்திருக்கிற ரவூப் பாயிடம் வேலையை ஒப்படைத்தோம். லாரி டயரும் ஜீப் டயரும் பார்த்துப் பழகின கை அவருடையது. மூன்று நாள் ஊர் ஊராகப் போன் பேசி, நாலாம் நாள் தானே கிளம்பிப் போய், இரண்டு ஜோடி டயரோடு திரும்பி வந்தார். கார் இப்போது எல்லாருக்கும் வேண்டியதாக ஆகிவிட்டதால், படிப்பகத்தில் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஐம்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பாய் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை எடுத்து, பேப்பர் படிக்கிற மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப்போட்டார்.

"இது கஸ்தூரிசாமி அண்ணன் எப்பவும் போடற ரகம்," என்று ஒன்றில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் பதிந்தது. "மெத்துனு இருக்கும், ரோட்டை விடாது. ஆனா நம்ம மலைக்கு அஞ்சு மாசம்தான் வரும். இந்த அளவுல இதைச் செய்யறதையே நிறுத்திட்டாங்களாம். கொச்சியில ஒரு கடையில இருந்த கடைசி ஜோடி இது, எடுத்துட்டு வந்துட்டேன். இதுக்கு மேல எங்க தேடுனாலும் கிடையாது."

அடுத்ததில் அழுத்தினார். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இது வேன் டயரு. அளவு சரியா ஒக்குது. கட்டி ரப்பர். எண்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும், நம்ம கணக்குக்கு அஞ்சு வருசம். தேஞ்சாலும் எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம். மழையில கொஞ்சம் புடிப்பு கம்மி, அதையும் சொல்லிப்போடறேன். எதை மாட்டட்டும்?"

 முதலில் நான்தான் எழுந்தேன். அஞ்சு மாசம் எங்கே, அஞ்சு வருசம் எங்கேங்க, இதில் யோசிக்க என்ன இருக்குது என்று கேட்டேன். உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். தவமணி தன் தடுப்பூசிப் பெட்டியைச் சொன்னாள். போஸ்ட்மாஸ்டர் தபால் பையைச் சொன்னார். கோயில் பூவைச் சொன்னார்கள். கட்டி டயருக்கே எல்லாருடைய வாக்கும். நான் அந்த அம்மாவின் நன்மைக்குப் பேசியதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஹேமாம்மா கடைசியாகத்தான் பேசினார். "நாளு அதிகமா வர்றதையே போடுங்க பாய்."

லாரிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. நல்ல டயர் முன்னால், பாரம் தாங்குகிற கட்டி டயர் பின்னால். ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, பிடிப்பு அங்கேதானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மலையில் எல்லா லாரியும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. பாய் அதே பழக்கத்தில் அண்ணனுடைய பழைய மெத்து டயர்களை முன்னால் அப்படியே விட்டுவிட்டு, வேன் டயர் இரண்டையும் பின்னால் மாட்டினார். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். மறுநாள் ஏழு மணிக்கு எழுபது எண்பது பேர் ஷெட்டு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கார் பழத்தை நசுக்கிக்கொண்டு பின்னுக்கு வந்தது. ஹேமாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அப்புறம் ஏறி உட்கார்ந்தார். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று பேசிக்கொண்டே நாங்கள் வேலைக்குப் போனோம்.

வெயில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள், கார் பத்தொன்பதாம் வளைவில் இறங்கித் திரும்பும்போது, முன் சக்கரம் ரோட்டைக் கவ்விக்கொண்டு நிற்க, எஞ்சினைச் சுமந்த பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போய், நான் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த சுவரை இடித்து, இரண்டு கல்லைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. பின் சீட்டில் தவமணி இருந்தாள். ஹேமாம்மாவுக்குத் தோளில் ஒரு கன்றல், வேறொன்றும் இல்லை. கார் மழையில் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. எஞ்சின் மட்டும் விட்டுவிட்டு நடுங்கியது என்று தவமணி சொன்னாள். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பி, முதல் கியரிலேயே அடிவாரம் வரைக்கும் போயிற்று.

அன்றையிலிருந்து அதன் ஓட்டமே மாறிப்போனது. வளைவுக்கு நூறு அடி முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எதிரே மாட்டுவண்டி வந்தால்கூட ஓரத்தில் நின்றது. சில்வர் ஓக் ரோட்டிலும் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. ஒன்பது மணிக்குத் திரும்புகிற கார் பத்தேகாலுக்குத் திரும்பியது. ஸ்டியரிங்கைச் சுற்றின தோல் இரண்டு பக்கமும் அழுந்தி அழுந்திப் பள்ளமாகிவிட்டது என்று தவமணி சொன்னபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். இப்போதுதான் மனுஷன் ஒழுங்காக ஓட்டுகிறார் என்று டீக்கடையில் சிரித்தோம். பஸ் டிரைவருக்கும் மனசு ஆறியது. ஹேமாம்மா இளைத்துக்கொண்டே போனதை நாங்கள் மழைக்கால இருமல் என்று எடுத்துக்கொண்டோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே படிப்பகத்துக்கு வந்து எல்லாரையும் வரச் சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாய், அந்த மெத்து ஜோடியை வித்துட்டீங்களா?"

"இல்லைங்கம்மா. பவுடர் போட்டுப் பரண்மேலதான் வச்சிருக்கறேன்."

"அதை மாட்டிக் குடுங்க."

தவமணிதான் முதலில் பேசினாள். கோபமாகப் பேசவில்லை. "அம்மா, அது அஞ்சு மாசத்துல தேஞ்சு நின்னுருமுங்களே. கீழ்ப்பதியில மூணு பேரு மாசமா இருக்கறாங்க. இந்தப் பஸ்ஸு வாரத்துல ரெண்டு நாள் வர்றதே இல்ல."

"தேஞ்சதும் மறுபடி வேன் டயரையே மாட்டிக்கலாமே," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"இன்னொரு தடவை அவரை அப்படி ஓட்ட வைக்க மாட்டேன்," என்றார் ஹேமாம்மா.

நான் எழுந்து, "அஞ்சு வருசம் கூடவே இருப்பாருங்களே அம்மா," என்றேன். மறுபடியும் நான்தான்.

"இருக்கறாரு வேலு. இருக்கறாரு. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு இருக்கறாரு."

அப்புறம் அந்த அம்மா, அறுபத்து மூன்று வயசு ஆனவர், கடைத்தெருவில் புருஷனுக்கு நாலடி தள்ளியே நடந்து பழகினவர், ஐம்பது ஆண் பெண் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கால் மைலைச் சொன்னார். முழங்காலைச் சொன்னார். எந்த மரத்தில் கை வரும், எந்த மரத்தில் எழுந்து போகும் என்று சொன்னார். "வண்டி சுத்துனதுல இருந்து வைக்கறதில்ல. பயந்துக்கிட்டு ஓட்டறாரு. செத்தவருக்கு எதுக்குப் பயம்? நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன்ல, அதுக்குத்தான். நாப்பது நாளாச்சு. இப்படி அஞ்சு வருசம் எனக்கு வேண்டாம்."

 யாருக்கும் யாரையும் பார்க்க முடியவில்லை. ரவூப் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எஞ்சின் பின்னால தொங்கறதை மறந்துட்டு லாரி மாதிரி மாட்டிப்போட்டேனுங்க. வால் பக்கம்தான் புடிச்சிருக்கணும். தப்பு என்னோடது," என்றார்.

தவமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாட்டிருங்க பாய். நான் பஸ்ஸுல போய்க்கறேன்," என்றாள்.

மறுநாளே மாட்டியாயிற்று. கழற்றின வேன் டயர்களை ஹேமாம்மா பாயையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், அவர் அதை முட்டைக்கோஸ் ஏற்றுகிற டிரெய்லருக்கு மாட்டினார். அவை இன்னும் தேயவில்லை. மெத்து ஜோடி மாட்டின முதல் நாள் காலை கார் ஒன்பதுக்கே திரும்பி வந்தது. கதவைத் திறந்து இறங்கின ஹேமாம்மா, வாசலில் நின்ற எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் நாங்கள் செய்தது எல்லாம் யாரும் சொல்லிச் செய்ததில்லை. எடை ஏறினால் பின் டயர் சீக்கிரம் தேயும் என்று தபால் பை பஸ்ஸுக்கு மாறியது. பூக்கூடையை எடுத்துக்கொண்டார்கள். தவமணி ஒரு நாள்கூட அந்தக் காரில் கால் வைக்கவில்லை. ஜல்லிதான் ரப்பரைத் தின்னும் என்பதால், நான் ஆறு மணிக்கே கிளம்பி மேல் வளைவுகளைப் பெருக்கினேன், மற்ற வளைவுகளை அந்தந்த வளைவுக்குப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் பெருக்கினார்கள், கீழ்ப்பதிக்காரர்களும் பெருக்கினார்கள். ஈர ரோட்டில் தேய்மானம் குறைவு என்று பாய் சொன்னதால் மாசியில்கூட மழைக்கு வேண்டிக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு தடவை பாய் வந்து பட்டன் ஆழத்தைத் தீக்குச்சியால் அளந்து பார்ப்பார். எவ்வளவு இருக்கிறது என்று ஹேமாம்மா கேட்டதில்லை. பாயும் சொன்னதில்லை.

தை மாதத்தில் பஸ் வராத ஒரு காலையில் கீழ்ப்பதியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. தவமணி நாலு மைல் ஓடியும் போய்ச் சேர முடியவில்லை. இதை ஹேமாம்மாவிடம் சொல்லக்கூடாது என்று எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள். அந்தப் பெண்ணின் புருஷன் மூன்றாம் நாள் விளக்குமாற்றோடு வந்து பதினோராம் வளைவைப் பெருக்கினான். நான் அவனிடமிருந்து அதை வாங்கப் பார்த்தேன், அவன் கொடுக்கவில்லை. எது நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. 

பாய் சொன்ன ஐந்து மாசத்துக்கு மேல் பத்தொன்பது நாள் கிடைத்தது. சித்திரை முடிகிற சமயம், நூல் இரண்டு இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது என்று பாய் என்னிடம் மட்டும் சொன்னார். அதற்கு மூன்றாம் நாள் காலை, கார் இறங்கிப் போனதற்கப்புறம், நான் பத்தொன்பதாம் வளைவில் புதுக் கல் வைத்துச் சுவர் பூசிக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்குக் கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தக் கார் ஏறுகிற சத்தம் இந்த மலையில் எல்லாருக்கும் மனப்பாடம். வளைவுக்கு வளைவு சுருதி இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் முதல் கியருக்குப் போய்த்தான் திரும்ப முடியும், திரும்பினதும் இரண்டு. அன்றைக்குச் சில்வர் ஓக் ரோடு வரைக்கும் அப்படித்தான் ஏறி வந்தது. அதற்கப்புறம் சத்தம் மாறவே இல்லை. பதினைந்தாம் வளைவில் மாறவில்லை. பதினாறில் மாறவில்லை. மூன்றாம் கியரிலேயே, பாரம் தாங்காமல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு, மனுஷன் நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கிளட்ச் போய்விட்டதோ என்று நினைத்துக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓரத்தில் நின்றேன். மேலே வீடுகளில் இருந்தவர்களும் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பத்தொன்பதாம் வளைவுக்கு வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் ஒரு கை மட்டும் பிடித்துத் திருப்புகிற மாதிரி, விட்டு விட்டு, கஷ்டப்பட்டுத் திரும்பியது. எஞ்சின் நின்றுவிடும் போல உதறியது, நிற்கவில்லை. என்னை உரசுகிற மாதிரிக் கடந்து போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹேமாம்மா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்றாக இடது முழங்காலுக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தன. ஆனால் முழங்காலைத் தொடவில்லை. கைக்கும் சேலைக்கும் நடுவில் ஒரு ஆம்பளைக் கையின் கனத்துக்கு இடைவெளி இருந்தது.

ஹாரன் அடிக்கவில்லை. மிச்சம் எட்டு வளைவும் மூன்றாம் கியரிலேயே ஏறிப் போய் ஷெட்டில் நின்றது. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் அணைந்து, பின்பக்கம் சூட்டில் டிக்டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. மத்தியானம் வரைக்கும் அந்த அம்மா இறங்கவில்லை. நாங்களும் இறங்கச் சொல்லவில்லை.